பிலோமினா ரீச்சரின் வகுப்பில் நான் எழுதிய குறிப்பு

என் ராசாவுக்கு,

உன் கடிதம் நான்கு நாள் பிந்தித்தான் கைக்கு வந்தது. சோளகக் காற்று எழும்பிவிட்டது, நெடுந்தீவு வள்ளம் இரண்டு நாளாக ஓடவில்லை என்று அப்பா தபாற் கந்தோரில் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார். நீ சுகமாக இருக்கிறாய், சாப்பாடு பரவாயில்லை, தண்ணீர்தான் உவர் என்று எழுதியதை முதலில் வாசித்து நிம்மதிப்பட்டேன். பிறகு பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதிய இரண்டு பக்கங்களையும் வாசித்தேன். முடித்ததும் முதலில் இருந்து மறுபடியும் வாசித்தேன். அடுப்பில் உலை கொதித்து வற்றும்வரை குசினிக் கதிரையிலேயே இருந்துவிட்டேன். அப்பா வந்து, "என்னப்பா, பெடியனுக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று பதறிவிட்டார்.

இருபத்தைந்து வயதில் நீ ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பதில் அதிபர். வேறு ஒருவரும் போகமாட்டேன் என்றதால் கிடைத்த கதிரை என்று நீயே பகிடியாக எழுதியிருக்கிறாய். ஆனாலும் எனக்குப் பெருமைதான். ஒன்பது ஆசிரியர்கள் இருந்தும் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை, வள்ளத்தில் வந்து போகிறவர்கள் ஒரு மேசை, தீவிலேயே இருப்பவர்கள் இன்னொரு மேசை, நாலாம் வகுப்பில் என்ன படிப்பித்தார்கள் என்பது ஐந்தாம் வகுப்புக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். அதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். அதைத் திருத்த வேண்டுமென்று நீ துடிப்பதும் நல்லது. அதற்காக ஒரு கொப்பி வைத்து, அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொருவரும் படிப்பிப்பதைக் கேட்டுக் குறித்து, மாத முடிவில் கல்விக் கந்தோருக்கு அனுப்பப் போகிறாய் என்று எழுதினாயே, அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதிலும் ஒருவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அவர் நீ வரும் பக்கமாக அலுமாரியை இழுத்து வைத்து வகுப்பை மறைத்துவிட்டாராம். பதிவேட்டில் "பாடம் நடைபெற்றது" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதுவதில்லையாம். "ஒத்துழைப்பு அறவே இல்லாத ஆசிரியை" என்று உன் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாய். பெயர் பிலோமினா.

மகனே, அந்த அலுமாரி அந்த இடத்துக்குப் போனதற்குக் காரணம் நான். அந்த அறிக்கையை அனுப்பாதே. ஏன் என்று சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் பிடித்திருக்கிறது. ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுமையாக வாசி.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்களில் பிலோமினா ரீச்சரும் ஒருவர். கையில் ஒரு பை, உடம்பில் யாரோ கொடுத்த சேலை. தாயின் ஊர் இந்தப் பக்கம் என்பதால் நாரந்தனையில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே அவரை இணைத்து அனுப்பினார்கள். அவருக்கு ஐந்தாம் வகுப்பு, எனக்கு ஆறாம் வகுப்புக் கணிதம். இரண்டு வகுப்புக்கும் நடுவில் இடுப்பளவு சுவர் ஒன்றுதான். என் வகுப்பில் ஈ, இலையான் பறந்தாலும் கேட்கும் என்று அதிபர் எல்லாரிடமும் சொல்லுவார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. பிலோமினா ரீச்சரின் வகுப்பிலோ எந்த நேரமும் கலகலப்பு. பிள்ளைகள் எழுந்து நடப்பார்கள், ஒருவர் கொப்பியை ஒருவர் எட்டிப் பார்ப்பார்கள், பின்னம் படிக்கிற நேரத்தில் மீன் கதை ஓடும். ஒரு நாள் அதிபர் என்னைப் பார்த்து, "என்ன ரீச்சர், உம்மட பக்கத்து வகுப்பு சந்தையோ?" என்று கேட்டார். அந்த வகுப்புகளுக்குப் பொறுப்பாக இருந்தவள் நான். பிலோமினா ரீச்சரைத் திருத்துவது என் கடமை என்று நினைத்துவிட்டேன்.

"நான் ஒருக்கா உங்கட வகுப்பில வந்து இருக்கட்டோ?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஓம் ரீச்சர், வாங்கோ. எனக்கு இங்கத்தைப் பிள்ளையளின்ர போக்கு இன்னும் பிடிபடேல்லை. பிழையைக் கண்டால் மறைக்காமல் சொல்லுங்கோ" என்றார். தானே கதிரை தூக்கி வந்து, சேலைத் தலைப்பால் தூசி தட்டி, பின்னுக்குப் போட்டுத் தந்தார். மூன்று நாள் போய் இருந்தேன். மூன்று நாளும் எழுதினேன். "நாற்பது நிமிடத்தில் கரும்பலகையில் ஒரேயொரு கணக்கு. மாணவர்கள் அனுமதியின்றி எழுந்து நிற்கின்றனர். கரைப் பக்கத்துப் பிள்ளைகள் மீன் பங்கு பிரிப்பது பற்றி நீண்ட நேரம் பேச அனுமதிக்கப்படுகின்றனர். பாடத்திட்டத்துக்குப் புறம்பானது." இப்படி இரண்டு தாள். பாடம் முடிந்ததும் அவர் ஆவலாக வந்து, "எப்பிடி ரீச்சர்?" என்று கேட்பார். "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

அந்தத் தாள்களை நல்லெழுத்தில் எழுதியது நீ. உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருந்தாய். உன் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று உன்னைப் பிடித்து இருத்தி, நான் சொல்லச் சொல்ல எழுதுவித்தேன். நடுவில் நீ பேனையை வைத்துவிட்டு, "அம்மா, மீன் பங்கு பிரிக்கிறதும் பின்னம்தானே?" என்று கேட்டாய். "நீ எழுதடா, எனக்குப் படிப்பிக்காதை" என்று அதட்டிவிட்டேன். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது இருபத்திரண்டு வருடம் படிப்பித்தவளுக்குத் தெரியவில்லை. பெயர் போடாமல் "ஐந்தாம் வகுப்பு ஆசிரியை" என்று மட்டும் எழுதச் சொன்னேன். அதில் பெரிய நியாயம் செய்துவிட்டதாக நினைப்பு வேறு. ஐந்தாம் வகுப்புக்கு வேறு யார் இருந்தார்கள்?

தாளை அதிபரிடம் கொடுத்தேன். அவர் அதை மேசை லாச்சிக்குள் பூட்டி வைத்திருந்து, கல்வி அதிகாரி பார்வையிட வந்த அன்று தூக்கிக் கொடுத்துவிட்டார். அதிகாரி ஆசிரியர் கூட்டத்தில், எல்லாரும் இருக்க, அதை உரத்து வாசித்தார். உனக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், முதல் இரண்டு வரி வாசிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "இப்படிக் கூர்ந்து பார்க்கிற ஆசிரியர்கள் வேண்டும்" என்று அவர் சொன்னபோது நிமிர்ந்து இருந்தேன். மூன்றாவது வரியில் பிலோமினா ரீச்சர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து எல்லாரும் போனபின் என்னிடம் வந்தார். சண்டை பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்கள் எழுதினதில ஒண்டும் பொய்யில்லை ரீச்சர். ஆனா எனக்கெல்லோ முதல் காட்டியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான்.

தவணை முடிய நெடுந்தீவுக்கு இடமாற்றம் வந்தது. வீட்டை இழந்து வந்து, தாயின் ஊரில் ஒரு அறை எடுத்து, பானை சட்டி வாங்கி, அப்போதுதான் கால் ஊன்றியவர். போகிற அன்று காலை ஒவ்வொரு வகுப்பாக விடைபெற்றுக்கொண்டு வந்தார். அவர் என் வகுப்பு வாசலுக்கு வரும்போது நான் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. எழுதி முடித்த கணக்கை அழித்து மறுபடி எழுதினேன். திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை. இதை நான் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

அடுத்த வருடம் அவருடைய ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் என் ஆறாம் வகுப்புக்கு ஏறி வந்தார்கள். கணிதத்தில் பாதி வகுப்பு சறுக்கியது. நான் ஆசிரியர் அறையில் இருந்து, "கீழ் வகுப்பில அத்திவாரம் போடேல்லை" என்று புறுபுறுத்துக்கொண்டிருந்தேன். விஞ்ஞானம் படிப்பித்த கந்தையா மாஸ்டரை உனக்குத் தெரியும். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது அவருக்கு, ஆகவே ஒருவரிடமும் பயமில்லை. "ரீச்சர், நீங்கள் மற்றவையின்ர வகுப்பில போய் இருந்தனீங்கள். உங்கட வகுப்பில ஆரும் வந்து இருந்தவையோ?" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "வாங்கோவன், எனக்கென்ன?" என்றேன். "வாறன். ஆனா எல்லாத்தையும் பாக்க மாட்டன். நீங்கள் ஒரு விசயத்தைச் சொல்லுங்கோ, அதை மட்டும் பாப்பன். எழுதிற தாள் உங்கட கையில. நான் கொண்டுபோக மாட்டன்" என்றார். நான் யோசித்து, "நான் ஆரிட்டக் கேள்வி கேக்கிறன் எண்டு பாருங்கோ" என்றேன். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. அதனால்தான் அதைக் கொடுத்தேன்.

அவர் வகுப்பை ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரைந்தார், ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம். நான் கேள்வி கேட்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் கட்டத்தில் ஒரு புள்ளி. பாடம் முடியத் தாளை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். முப்பத்தொரு புள்ளி. எல்லாம் முன்வரிசை மூன்று வாங்கிலும் இருந்த பிள்ளைகளுக்கு. கதவடி வாங்கில், விடிய வலைக்குக் கை கொடுத்துவிட்டுப் பிந்தி வருகிற கரைப் பக்கத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் இருந்தார்கள். அந்த ஐந்து கட்டமும் வெறும் கட்டம். நான் தாளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன். "அவையள் விடை சொல்ல மாட்டினம் மாஸ்டர், அதுதான்" என்றேன். "கேட்டுப் பாத்தனீங்களோ?" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து உன்னை நினைத்தேன். நீயும் என் வகுப்பில் படித்தவன்தானே. பிள்ளைக்குப் பாரபட்சம் காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று ஒரு வருடம் முழுக்க உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு நாள் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, "எனக்கு விடை தெரியுமம்மா, நீங்கள் என்னைப் பாக்கிறதே இல்லை" என்று விக்கி விக்கி அழுதாய். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. உனக்காக அப்படி வலித்த நெஞ்சு, கதவடி வாங்கில் இருந்த ஐந்து பேருக்காக ஏன் வலிக்கவில்லை? அவர்களும் வீட்டுக்குப் போய் யாரிடமாவது சொல்லி அழுதிருப்பார்கள். அல்லது அழவும் தோன்றாத அளவுக்குப் பழகிப்போயிருப்பார்கள். கரைப் பக்கத்துப் பிள்ளையா இல்லையா என்பதைப் பார்த்துத்தான் நான் கேள்வி கேட்டேன் என்பதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பல நாள் எடுத்தது. நான் செய்ததற்கு வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை.

அடுத்த இரண்டு கிழமைக்கும், பத்துப் பள்ளி நாளுக்கு, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். ஒவ்வொரு பாடத்திலும் முதல் கேள்வி கதவடி வாங்குக்கு. கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணும்வரை வாய் திறப்பதில்லை. முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. எனக்குப் பத்து எண்ணுவது பெரும் பாடு. நாலாம் நாள், பின்னங்களைச் சேர்க்கிற கணக்கு. யசிந்தா என்றொரு பிள்ளை எழுந்தாள். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று தொடங்கி, இரண்டு வள்ளத்து மீனைச் சேர்த்துப் பிரிப்பதென்றால் முதலில் இரண்டையும் ஒரே அளவுப் பங்காக்க வேணும் என்று கையால் காற்றில் பிரித்துக் காட்டினாள். நான் இருபத்துச் சொச்ச வருடம் பொதுப்பகுதி என்று மனனம் செய்வித்ததை அவள் ஒரு மூச்சில் விளக்கிவிட்டாள். முன்வாங்குப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். "ஆர் பிள்ளை உனக்கு இதைச் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன். "பிலோமினா ரீச்சர்" என்றாள். "அவ எங்களைத்தான் சொல்லச் சொல்லுறவ."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அத்திவாரம் போட்டிருந்தார். நான்தான் அதன் மேல் ஒரு கல்லும் வைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எங்கள் வெள்ளிக்கிழமைச் சந்திப்பு தொடங்கியது. பள்ளி விட்டால் எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள், ஆகவே இடைவேளையில், தேத்தண்ணியோடு, இருபது நிமிடம். மற்றவர் குறையைக் கொண்டுவரக் கூடாது, தன் வகுப்பில் சரிவராத ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. முதல் வெள்ளி நான்தான் தொடங்க வேண்டியிருந்தது. நான் அந்த முப்பத்தொரு புள்ளித் தாளை எடுத்து மேசையில் விரித்தேன். அதைப் பார்த்துவிட்டு, தமிழ் படிப்பிக்கிற ரீச்சர், "எனக்கு வாசிக்கத் தெரியாத பிள்ளையள் நாலு பேர் இருக்கினம். மறைச்சுக்கொண்டு திரியிறன்" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு அறை இளகியது. ஒருவர் வகுப்பில் ஒருவர் போய் இருந்து, கேட்டதை மட்டும் பார்த்து, தாளை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வருகிற பழக்கம் மெல்ல மெல்ல வந்தது. எல்லாரும் வந்தார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு பேர் கடைசிவரை பத்திரிகை வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நீ பயிற்சிக் கல்லூரியில் செயல்நிலை ஆய்வு, மீள்நோக்கு என்று பெரிய பெரிய பெயரில் படித்தாயே, அது இதுதான் என்று நீ விடுமுறைக்கு வந்து விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்குப் பெயர் தெரியாது. பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். பட்டது நாங்கள் இல்லை, பிலோமினா ரீச்சர் என்பதுதான் நான் உனக்கு அன்றைக்குச் சொல்லாமல் விட்டது.

அவரைப் பற்றி எழுதியது பிழை என்று சொல்ல அதிகாரியிடம் போனேன். அவர், "அது முடிஞ்ச அலுவல் ரீச்சர், ஏன் கிண்டுறியள்?" என்று அனுப்பிவிட்டார். பிலோமினா ரீச்சருக்கு மூன்று தரம் கடிதம் எழுதினேன், மூன்றையும் கிழித்தேன். ஒரு நாள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன், வாசலில் முதுகு காட்டியதைத் தவிர. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உதை என்னட்டச் சொல்லி என்ன? அவவிட்டச் சொல்லும்" என்றார். ஓம் என்றேன். சொல்லவில்லை. கடல் கரடு, பஸ் இல்லை, சோதனைக் காலம், நாட்டு நிலைமை என்று எனக்குச் சாட்டுகளுக்குக் குறைவில்லை. உண்மையில் பயம்தான் மகனே. அவர் மன்னிக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

இந்த வருடத்தோடு எனக்கு ஓய்வு. நீ அங்கே பதில் அதிபராகப் போய், உன் கையால் அவரைப் பற்றி இரண்டாம் தரம் எழுதியிருக்கிறாய். முதல் தரம் எழுதுவித்தது நான், நீ அறியாப் பிள்ளை. இந்தத் தரம் எழுதினது நீயே. இரண்டாவது தாளும் போனால் அவரை எங்கே அனுப்புவார்களோ, அனுப்பாவிட்டாலும் அவர் இனி எந்த ஆசிரியரை நம்புவார்? உன் கொப்பியில் அவரவர் பக்கத்தை அவரவரிடமே காட்டு. பிறகு உன் வகுப்புக்கு யாரையாவது கூப்பிடு. உன்னில் என்ன பார்க்க வேண்டும் என்பதை அவர்களிடம் கேள். வெட்கமாகத்தான் இருக்கும். இளம் வயதில் கொஞ்சம் வெட்கப்படுவது உடம்புக்குக் கெடுதல் இல்லை.

இந்தக் கடிதத்தை ஆசிரியர் அறையில், இரண்டு மேசைக்காரரும் இருக்கும்போது, பிலோமினா ரீச்சர் முன்னால் உரத்து வாசி. அன்றைக்கு எல்லார் முன்னாலும் அவர் குனிந்தார், இன்றைக்கு எல்லார் முன்னாலும் நான் குனிகிறேன்.

மேலே உள்ள இரண்டு வரியையும் எழுதிவிட்டு எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்தேன். வந்து வாசித்தபோதுதான் விளங்கியது. பார்த்தாயா? மறுபடியும் அவரைப் பற்றி நான் எழுதுகிறேன், மறுபடியும் அவரைக் கேட்காமல் எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்கிறேன். என் மனப் பாரம் இறங்குவதற்கு அவர் இன்னொரு கூட்டத்தில் இருந்து தன் கதையைக் கேட்க வேண்டுமோ? அந்த வரிகளை நான் வெட்டவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில்தான் இந்தப் பிழை வரும், அது உன் தாய்க்கு இந்த வயதிலும் வந்தது என்பதை நீ பார்க்க வேண்டும்.

ஆகவே வாசிக்காதே. பள்ளி விட்டபின் அவரிடம் தனியாகப் போ. நீ யாருடைய மகன் என்று சொல். அந்த இரண்டு தாளையும் நல்லெழுத்தில் எழுதியது உன் கை என்று சொல். இந்தக் கடிதத்தை நீ ஏற்கெனவே வாசித்துவிட்டாய், அதற்கும் அம்மா உங்களைக் கேட்கவில்லை என்று சொல். பிறகு இதை அவர் கையில் கொடு. எரித்தாலும் சரி, வைத்திருந்தாலும் சரி, மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டச் சொன்னாலும் சரி. மறுமொழி ஒன்றும் கேட்காமல் வெளியே வந்துவிடு. அவர் பேசாமல் இருந்தால், அதையும் எனக்கு எழுது. அவர் ஏதும் சொன்னால், அதை மட்டும் அவரிடம் கேட்காமல் எனக்கு எழுதாதே.

அம்மா